கிணறும் மதிப்பெண்ணும்: ‘தி டீப்பஸ்ட் வெல்’ மறுவாசிப்பு

அம்பத்தூர் பக்கம் ஒரு மாலை நேர வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போவேன். போன மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபின், பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் மட்டும் நின்றாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “அண்ணா, இந்தக் கணக்கு சரியான்னு பாருங்க” என்றாள். 74-லிருந்து 20-ஐக் கழித்து, வந்ததிலிருந்து 17-ஐக் கழித்திருந்தாள். விடை 37.

என்ன கணக்கும்மா இது என்று கேட்டேன். எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய் வந்த தன்னார்வலர் ஒருவர், பத்துக் கேள்விகள் அடித்த தாளைக் கொடுத்து எல்லாரையும் நிரப்பச் சொல்லியிருக்கிறார். ‘ஆமாம்’ என்றால் ஒரு புள்ளி. இவளுக்கு ஆறு. ஆறும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 20 வருஷம் முன்னாடியே இறந்துபோகிறார்கள் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால் பிள்ளைகள் இப்போதே உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னாராம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இவள் பெண்களின் சராசரி ஆயுளை எங்கேயோ பார்த்து 74 என்று வைத்துக்கொண்டாள். தன் வயது 17. “மீதி எவ்ளோன்னு போட்டுப் பார்த்தேன்” என்றாள். பயந்த மாதிரி தெரியவில்லை. பரீட்சை மார்க்கைச் சொல்வது போலச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குச் சரியாக ஒன்றும் சொல்ல வரவில்லை. அடுத்த வாரம் சொல்றேன் என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, அந்தத் தாளையும் அந்த 20 வருஷத்தையும் உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய புத்தகத்தை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்தேன். நாடின் பர்க் ஹாரிஸ் எழுதி 2018-ல் வந்த ‘தி டீப்பஸ்ட் வெல்’. முதல் தடவை படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்த புத்தகம் அது. இப்போது அந்த நோட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததில் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரிந்தன. அதுதான் இந்தக் குறிப்பு.

முதலில், புத்தகத்தின் நல்ல பக்கம்

பர்க் ஹாரிஸ் குழந்தை மருத்துவர். சான்பிரான்சிஸ்கோவில் பேவியூ ஹன்டர்ஸ் பாயின்ட் என்ற ஏழைப் பகுதியில் கிளினிக் நடத்தியவர். கவனச்சிதறல் என்று சொல்லி அவரிடம் அனுப்பப்பட்ட ஏழு வயதுப் பையன் ஒருவனோடு கதை தொடங்குகிறது. அவன் உயரம் நான்கு வயதுக் குழந்தையின் உயரம். விசாரித்தால், நான்கு வயதில் அவன் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறான். ஆஸ்துமா, தோல் அரிப்பு, வளராத எலும்பு, பள்ளிக்கூடத்துப் பிரச்சினை என்று தனித்தனியாகப் பார்த்ததெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறதோ என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்தத் தோன்றலை விடாமல் துரத்திக்கொண்டு போகும் பகுதிகள் உண்மையிலேயே நல்ல எழுத்து.

அப்படிப் போகும்போது அவர் கண்டடைவதுதான் ‘ஏஸ்’ ஆய்வு. பாதகமான குழந்தைப்பருவ அனுபவங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் ஏஸ். கலிபோர்னியாவின் சான்டியேகோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, 1980-களில் உடல்பருமன் குறைப்பு மையம் ஒன்றை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். ஏன் என்று கேட்கப் போன இடத்தில், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பிறகு நோய்த் தடுப்பு மையத்தின் ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். முதல் கட்டுரை 1998-ல் வந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு ஒரு புள்ளியாவது இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கும் அதற்கு மேலும். நான்கு தாண்டியவர்களிடம் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் 4 முதல் 12 மடங்கு அதிகம். இதய நோய், நுரையீரல் நோய், புற்றுநோய் கூட ஏறுமுகம்தான்.

இதில் பர்க் ஹாரிஸ் அழுத்திச் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. அந்த 17,000 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், கல்லூரியை எட்டிப் பார்த்தவர்கள், காப்பீடு உள்ளவர்கள். அதாவது இது ‘குடிசைப்பகுதி வியாதி’ அல்ல. பங்களாவிலும் நடக்கிறது. ஏழைகளின் வளர்ப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை அடைத்த ஆய்வு அது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அவர் எளிமையாக விளக்குகிறார். ஆபத்து வந்தால் கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் ஏறும். ஆபத்து போனதும் இறங்க வேண்டும். தினமும் ராத்திரி வீட்டுக்குள்ளேயே ஆபத்து வந்தால் அது இறங்குவதே இல்லை. வளரும் மூளை, நோய் எதிர்ப்பு, வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் அந்த நிலைக்கே பழகிப்போகின்றன. இதை ‘நச்சு அழுத்தம்’ என்று ஹார்வர்டின் ஜாக் ஷான்காஃப் குழுவினர் சொல்கிறார்கள். அவர்களே சேர்த்துச் சொல்வது: பக்கத்தில் பாதுகாப்பான பெரியவர் ஒருவர் நிலையாக இருந்தால், அதே அழுத்தம் நச்சாக மாறாமல் தாங்கக்கூடியதாகவே நின்றுவிடலாம்.

சிறுவயதுக் கஷ்டம் பெரிய வயதில் உடம்பில் தெரியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து, 1996-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதம்தான். கருவில் பட்ட பசி ஐம்பது வயதில் நெஞ்சில் வந்து நிற்கிறது. ஆகவே அடிப்படையில் பர்க் ஹாரிஸ் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை.

அந்த 20 வருஷம்

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2014-ல் அவர் பேசிய டெட் உரை கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதில் அதிகப் புள்ளி உள்ளவர்களின் ஆயுட்காலத்தில் 20 வருஷ வித்தியாசம் என்று சொல்கிறார். உரையைக் கேட்டவர்கள், பயிற்சி கொடுப்பவர்கள் எல்லாரும் முதலில் எடுத்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். அது 2009-ல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. ஏஸ் ஆய்வில் கலந்துகொண்டவர்களை 2006 கடைசி வரை கவனித்தார்கள். அதற்குள் 1,539 பேர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களில், புள்ளியே இல்லாதவர்களின் சராசரி வயது 79.1. ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களின் சராசரி 60.6.

கவனிக்க வேண்டியது: ‘இறந்தவர்களில்’. உயிரோடு இருந்த ஏறக்குறைய 16,000 பேர் இந்தச் சராசரியில் இல்லவே இல்லை.

இரண்டு தெருவை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிகள் நிறைய. இன்னொன்று புது அபார்ட்மென்ட், எல்லாம் முப்பது நாற்பது வயது ஜோடிகள். பத்து வருஷம் கழித்து இரண்டு தெருவிலும் இறந்தவர்களின் சராசரி வயதைப் பார்த்தால், புது அபார்ட்மென்டில் அது ரொம்பக் குறைவாக இருக்கும். அங்கே எண்பது வயதுக்காரர் யாருமே இல்லையே, எப்படி எண்பதில் சாவார்? இதை வைத்து ‘அபார்ட்மென்டில் குடியேறினால் ஆயுள் குறையும்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். அதிகப் புள்ளி சொன்னவர்கள் கொஞ்சம் இளையவர்களாக இருந்தாலே போதும், இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு அதிலிருந்தே வந்துவிடும்.

அதே கட்டுரையில் இதைவிடச் சரியான எண்ணும் இருக்கிறது. வயது முதலியவற்றைச் சமன்செய்து பார்த்தால், ஆறுக்கு மேல் உள்ளவர்கள் 65 வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு 2.4 மடங்கு. சாதாரண விஷயம் இல்லை இது. ஆனால் 2.4 மடங்கு என்பது, ஆறு வாங்கிய ஒவ்வொருவர் ஆயுளிலும் 20-ஐக் கழிக்கச் சொல்வது ஆகாது. மேடையில் நன்றாகக் கேட்கிறது என்பதற்காக முதல் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வுதான் கடல் தாண்டி வந்து ஒரு பெண்ணின் நோட்டில் 37 என்று உட்கார்ந்திருக்கிறது.

புள்ளி யாருக்குச் சொந்தம்?

ஏஸ் மதிப்பெண் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசக்கூடியது. ஆறு வாங்கிய ஆயிரம் பேரையும் பூஜ்யம் வாங்கிய ஆயிரம் பேரையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இந்த ஒரு பெண் நோயாளி ஆவாளா என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல அதனால் முடியாது. 2021-ல் ஜெசி பால்ட்வின் குழுவினர் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். குழுச் சராசரி சரியாகவே வந்தது. தனியாளைக் கணிப்பதில் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் ஆண்டாவே 2020-ல், தனிமனிதர்களுக்கு மதிப்பெண் போட்டு முடிவெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். அதே 2020 ஜனவரியில்தான் கலிபோர்னியாவில், அப்போது அம்மாநிலத்தின் முதல் சர்ஜன் ஜெனரலாக இருந்த பர்க் ஹாரிஸின் முயற்சியில், ஒரு பரிசோதனைக்கு 29 டாலர் என்று மருத்துவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நினைவு என்பது இன்னொரு சிக்கல். பெரியவர்களை உட்காரவைத்து ‘பதினெட்டு வயதுக்குள் நடந்ததா’ என்று கேட்டுத்தான் ஏஸ் ஆய்வு நடந்தது. பால்ட்வின் குழுவே 2019-ல் பதினாறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறுவயதிலேயே பதிவான கொடுமையை, பெரியவரானபின் தாங்களே சொன்னவர்கள் பாதிப்பேர்தான். பெரியவரானபின் சொன்னவர்களிலும் பாதிப்பேருக்குத்தான் பழைய பதிவு இருந்தது. யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பதிவில் வராத கொடுமை ஏராளம், மறந்துபோனதும் சொல்ல விரும்பாததும் அதைவிட ஏராளம். ஆனால் இந்த இரண்டும் ஒரே கூட்டம் இல்லை என்பதை மறந்துவிட்டு மடங்குக்கணக்கு பேசக் கூடாது.

நம் பக்கம் இப்படிப் பொறுமையாகப் பின்தொடர்வது புதிதல்ல. மைசூர் ஆய்வு பிரசவ வார்டு ரெஜிஸ்டரில் எழுதிவைத்த எடையை நம்பி நடந்தது, யாருடைய நினைவையும் கேட்கவில்லை. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் 15 வருஷம் மக்களைத் தொடர்ந்தார்கள். தொற்றிப் பல வருஷம் கழித்துத் தலைகாட்டும் தொழுநோயை ஆராய ஆவடியில் ஒரு களப்பிரிவு இருந்தது. அதையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்துத்தான் 1999-ல் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உருவானது. இன்று அது அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கிறது. காலத்தோடு நடந்து தெரிந்துகொள்வது எப்படி என்று அறிந்த ஊரில், பத்துக் கேள்வி ஜெராக்ஸ் தாளை வைத்து ஆயுள் சொல்கிறோம்.

கேள்விகளைப் படித்துப் பார்த்தால்

பத்துக் கேள்விகள் எவை? அடி, திட்டு, பாலியல் கொடுமை, உடல் அளவிலும் மன அளவிலும் கவனிப்பின்மை, வீட்டில் குடிகாரர், வீட்டில் மனநோய், அம்மாவை அடிப்பது, பெற்றோர் பிரிவு, வீட்டார் சிறை. பத்தும் வீட்டு வாசலுக்கு உள்ளேயே இருக்கின்றன.

சாப்பாடு போதாமை பற்றி ஒரு கேள்வி உண்டு. அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? ‘கவனிப்பின்மை’ தலைப்பின் கீழ், அழுக்குத் துணியோடும் பெற்றோரின் போதையோடும் சேர்த்து. பிள்ளை பசித்திருந்தால் பெற்றவர்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஆர்டர் இல்லாத மாதத்தில் தான் ஒரு வேளை சாப்பிடாமல் பிள்ளைக்குப் போட்டு, அப்படியும் போதாமல் போனால், தாளில் அவளுக்குக் கிடைப்பது ‘கவனிக்காதவள்’ என்ற பட்டம்.

பெற்றோர் பிரிவுக்கு ஒரு புள்ளி. தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் புருஷனோடு ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பிள்ளைக்கு இரண்டு புள்ளி: குடி ஒன்று, அடி ஒன்று. ஒருநாள் துணிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் மூன்று புள்ளி. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே காரியம் மதிப்பெண்ணில் கூடுதல் ஆபத்தாகப் பதிவாகிறது. போன இடத்தில் மடியில் படுக்கவைத்துக்கொண்ட பாட்டிக்குப் புள்ளி கழிக்க ஒரு கட்டமும் கிடையாது. ஷான்காஃப் சொல்லும் அந்தப் பாதுகாப்பான பெரியவர் தாளில் எங்கேயும் வருவதில்லை.

குடிகாரருக்கு ஒரு புள்ளி. 2003-லிருந்து இந்த மாநிலத்தில் சரக்கு விற்கும் சில்லறைக் கடையை நடத்துவது அரசின் டாஸ்மாக். அந்தக் கடைக்கு எந்தத் தாளில் புள்ளி போடுவது?

அடுத்து, தாளில் இல்லவே இல்லாதவை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன்படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதிப் பிரிவினை பற்றி நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த அண்ணன் தங்கைக்கு நடந்ததற்கு பத்துக் கேள்வித் தாளில் கிடைப்பது பூஜ்யம்.

பர்க் ஹாரிஸுக்கு இது தெரியாமல் இல்லை. தன் கிளினிக்கின் தாளில் பாகுபாடு, தெரு வன்முறை, வீடில்லாமை போன்றவற்றைச் சேர்த்தார். உலக சுகாதார நிறுவனமும் தன்னுடைய சர்வதேச வடிவத்தில் சக மாணவர் வன்முறை, சமூக வன்முறை, போர் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. ஆனால் கலிபோர்னியாவில் கடைசியில் அமலுக்கு வந்த தாளில் இவை இரண்டாம் பகுதி. முதல் பகுதியின் பத்துக்குத்தான் மதிப்பெண். பசியும் பாகுபாடும் ‘கூடுதல் தகவல்’.

கேட்பவரின் கடமை

அவருடைய கிளினிக் முறையில் ஒரு நல்ல யோசனை இருந்தது. எந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டியதில்லை, மொத்த எண்ணை மட்டும் பெற்றோர் எழுதினால் போதும். மருத்துவரோடு பேசுவதற்கு அது ஒரு கதவு. நம் ஊர் ஜெராக்ஸில் அது காணாமல் போய்விட்டது. பெயர் எழுதி, ஒவ்வொரு கேள்விக்கும் டிக் அடித்து, தாள் அலமாரிக்குப் போகிறது.

இங்கே சட்டமும் வேறு. 2012-ன் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் அதுவே குற்றம். மூன்றாவது கேள்விக்கு ஒரு பிள்ளை ‘ஆமாம்’ போட்ட நொடியில் தாளை வாங்கியவர் அந்தக் கடமைக்குள் வந்துவிடுகிறார். பிள்ளையோ ஏதோ சர்வே என்று நினைத்து எழுதியிருக்கும். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். தமிழ்நாடு அந்த 13-ல் இல்லை. அதனால் இங்கே குறைவு என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. முப்பது பேருக்குத் தாள் கொடுத்தால் பதில் வரும். வந்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல்.

கிணறு

புத்தகத்தின் தலைப்பில் கிணறு இருப்பதற்குக் காரணம் உண்டு. பொதுச் சுகாதாரம் படித்தவர்களுக்கு 1854 லண்டன் கதை தெரியும். காலரா பரவியபோது ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்து, பிராட் தெருவின் அடிபம்ப்பில் வந்து நின்றார். பம்ப்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பர்க் ஹாரிஸும் அதையே சொல்கிறார்: ஒரே கிணற்றில் குடித்த நூறு பேரில் 98 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பேனா, கிணற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேனா?

அருமையான கேள்வி. ஆனால் புத்தகம் போய் முடியும் இடம் எது? தூக்கம், உடற்பயிற்சி, சத்துணவு, தியானம், மனநல ஆலோசனை, நல்ல உறவுகள் என்ற ஆறு மருந்துகள், எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் பரிசோதனை. ஆறும் நல்லவைதான். அவை எல்லாம் குடித்தவர்களுக்கானவை. கிணற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, குடித்தவர்களை எண்ணப் போய்விட்டார். 2019 கோடையில் குடத்தோடு தண்ணி லாரிக்கு நின்ற ஊர்க்காரனாக எனக்கு இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: அந்தக் கிணற்றை விட்டால் குடிக்க வேறு தண்ணீர் இருந்ததா?

கிணற்றில் கை வைத்த உதாரணம் நம்மிடம் இருக்கிறது, நாம் அதை இந்தப் பெயரில் அழைப்பதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு வந்த முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. தட்டை நீட்டும் பிள்ளையிடம் ‘உங்கப்பா குடிப்பாரா’ என்று யாரும் கேட்பதில்லை. ஸ்கோர் பார்த்துச் சோறு போடுவதில்லை.

இதற்கு உடம்பில் பலன் உண்டா? உண்டு. ஆந்திராவில் குழந்தைப்பருவத்தில் வறட்சியில் மாட்டி வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், பள்ளி மதிய உணவு கிடைத்தபோது அந்த இழப்பைப் பெரிய அளவில் ஈடுகட்டினார்கள் என்று 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போகிறது: சிறுவயதில் மதிய உணவுத் திட்டம் கிடைத்த பெண்களின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்தார்கள். சிறுவயதுக் கஷ்டம் தலைமுறை தாண்டும் என்று புத்தகம் எச்சரிக்கிறது. சிறுவயதில் கிடைத்த சோறும் தலைமுறை தாண்டும் என்பதை அது சொல்வதில்லை.

சோறு மட்டும் போதுமா என்றால் போதாதுதான். அடிக்கும் அப்பாவை முட்டை திருத்தாது. ஆனால் கிணற்றின் பட்டியல் நீளமானது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 சட்டத்திலேயே எழுதினார்கள். எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வரும் அம்மாக்களிடம் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பத்துக் கேள்வித் தாளை முதலில் கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது: பிள்ளை பெற்றவளுக்கு ராத்திரி ஷிப்ட் போட்டீர்களா, காப்பகம் உண்டா, சம்பளம் தேதிக்கு வந்ததா, பள்ளிக்கூட வழியில் மதுக்கடை உண்டா, வகுப்பில் யாரைத் தனியே உட்காரவைத்தீர்கள்?

அடுத்த வாரம்

சொன்னபடி அடுத்த வாரம் போனேன். போர்டில் இரண்டு தெருவை வரைந்து சராசரி போட்டுக் காட்டினேன். கணக்கில் கெட்டிக்காரி. பாதியிலேயே, “உயிரோட இருக்கறவங்கள சேர்க்கவே இல்லையே அண்ணா” என்றாள். 37-ஐ அவளே அடித்தாள்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நான் எழுதினதெல்லாம் ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. மதிப்பெண்ணைத் தப்பு என்று சொல்லப் போய், அவளுக்கு நடந்ததை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனோ என்று பயமாகிவிட்டது. எண்ணைக் கிழித்துப்போடும் விமர்சகர்கள், நானும் சேர்த்துத்தான், இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஃபெலிட்டியும் பர்க் ஹாரிஸும் செய்த பெரிய காரியம், இப்படி ஒரு பிள்ளைக்கு நடந்ததை ‘உடம்புக்கும் சம்பந்தம் உண்டு, நிஜம்தான்’ என்று மருத்துவத்தை ஒப்புக்கொள்ள வைத்தது. அதை விட்டுவிடக் கூடாது.

“நீ எழுதினது எல்லாம் நிஜம். அதுக்கு மார்க் போட்டதுதான் தப்பு” என்றேன். இப்போதும் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டேன். இல்லை, இப்போ பாட்டி வீட்டில் இருக்கிறோம் என்றாள். 1098 எண்ணை நோட்டில் எழுதிக்கொடுத்தேன். வகுப்புப் பொறுப்பாளராக இருக்கும் அக்காவிடம் பேசலாமா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள்.

பெயர் எழுதிய முப்பது தாள்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இப்போது பூட்டு போட்டிருக்கிறோம். பொறுப்பாளர் அக்கா குழந்தைகளுக்கான ஆலோசகர் ஒருவரைக் கூட்டிவந்து, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாகப் பேசத் தொடங்கியிருக்கிறார். புகார் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் முடியவில்லை. தாளை நிரப்ப எல்லாருக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம்தான் ஆனதாம்.